ஷட்டரைத் தூக்கினால் ஆஸ்பத்திரி

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரே வரிசையில் ஆறு கடைகள். தொப்பம்பட்டி ஒன்றியத்தில், பழனி–தாராபுரம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர். பெயர் வேண்டாம், சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். முருங்கைக்காய் நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம், வந்த காசை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மாமா கட்டிப்போட்ட வரிசை அது. முதல் கடையில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. செல்போன் வந்ததும் ரீசார்ஜ் கடையானது. ரீசார்ஜும் போனுக்குள்ளேயே குடிபோனதும் பூட்டிக்கொண்டது. இரண்டாவதில் ஜவுளி, சனம் ஆடிக்கு ஒட்டன்சத்திரம், தீபாவளிக்குத் திண்டுக்கல் என்று பஸ் ஏறப் பழகியதும் அதுவும் போனது. மூன்றாவதில் சி.டி. வாடகை, நாலாவதில் ஜெராக்ஸ். ஐந்திலும் ஆறிலும் கட்டிய நாளிலிருந்து குடியிருந்தது உரமூட்டையும் எலியும். ஆறு ஷட்டரிலும் ஒரே கையெழுத்தில் ‘கடை வாடகைக்கு’ என்று நீலப் பெயிண்ட். மாமாவின் போன் நம்பரில் கடைசி எண் வெயிலில் அழிந்துவிட்டது. யாரும் கூப்பிடாததற்கு அதுதான் காரணம் என்று அவர் இன்னும் நம்புகிறார்.

திடீரென்று ஒருநாள் முதல் கடையின் ஷட்டர் மேலே போனது. “ஆஸ்பத்திரி வருதாமா” என்றார்கள். வந்தேவிட்டது. எங்கள் பக்கம் ஓர் ஆட்டுப்பட்டிக்குத் தகரம் அடிக்கவே ஒரு மாதம் ஆகும். ஆஸ்பத்திரி பதினைந்தே நாளில் தயார். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. முன்பக்கம் மருந்துக்கடை, பின்பக்கம் டாக்டர். நாலு பிளாஸ்டிக் சேர், பச்சைத் துணி போட்ட ஒரு பெஞ்ச், சுவரில் எதற்கோ சிரிக்கும் வெள்ளைக்காரக் குழந்தை. வெளியே போர்டில் இரண்டு டாக்டர் பெயர். அதில் ஒருவரை ஊரில் பார்த்தவர் யாருமில்லை. இன்னொருவர் மாலை ஆறிலிருந்து எட்டு வரை வருவார், வந்தால். அவர் நோயாளியின் பெயரை எழுதி முடிப்பதற்குள் தடுப்புக்கு அந்தப்புறம் மாத்திரை கவரில் விழும் சத்தம் கேட்கும். அவ்வளவு ஒருங்கிணைந்த சிகிச்சை.

நான் இருமலுக்குப் போய் உட்கார்ந்தபோது டாக்டரின் தலைக்கு மேலே, ஒரே கோட் வெள்ளைச் சாயத்துக்கு அடியில், ‘ஐ.எஸ்.டி.’ என்ற மஞ்சள் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அந்த மூலையில் ஒரு காலத்தில் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடியது. இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. “ஊசி போட்டுக்கிறீங்களா?” என்று கேட்டார். சோடா வேண்டுமா, கலர் வேண்டுமா என்பதுபோல. ஊசியைக் கழற்றிப் போட்டது கழுத்தறுத்த தண்ணீர் பாட்டிலில். உயிரி மருத்துவக் கழிவுக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நாலு நிறம் வகுத்து மத்திய அரசு 2016-இல் விதி போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் அந்த நாலு நிறத்தையும் கட்சிக்கொடிகளில்தான் பார்க்கலாம்.

எட்டு மாதம் ஓடியது. அப்புறம் டாக்டருக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. ஷட்டர் இறங்கியது. பச்சைத்துணிப் பெஞ்சை டீக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார். இப்போது அதில் உட்கார்ந்துதான் நாங்கள் நாட்டின் சுகாதாரக் கொள்கையைப் பேசுகிறோம்.

அந்தப் பெஞ்சில் பிறந்த யோசனை ஒன்றை மனுவாகவே எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போய்க் கொடுக்கலாம் என்று எண்ணம். இதுவரை கொடுக்கவில்லை. பதில் எப்படி வரும் என்று எனக்கே தெரியுமென்பதால், ஒரு திங்கட்கிழமைக் கூலியை மிச்சம் பிடித்தேன். மனு இதுதான்.

‘மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, காலியான கடைகளைப் புறநோயாளிகள் நிலையமாக மாற்றுவது குறித்து விண்ணப்பம். இந்த மாநிலத்தில் காலிக் கடைக்குப் பஞ்சமில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதிலும் அரசே நடத்தி, அரசே பூட்டிய கடைகள் ஏராளம். 2016 ஜூனில் 500 மதுக்கடைகளை மூடினீர்கள். 2017 பிப்ரவரியில் இன்னொரு 500. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலை ஓரக் கடைகளை எடுக்கச் சொன்னதால் ஒரே ராத்திரியில் மூவாயிரத்துக்கும் மேல். 2023 ஜூன் 22-இல் மறுபடியும் 500. மூடியவற்றில் பல, நாலு அடி தள்ளி வேறு கதவு வழியாகத் திறந்துகொண்டன என்பது வேறு விஷயம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நகர்ந்து போகும் திறமையை மெச்சியே சொல்கிறேன்.

மதுக்கடைக் கட்டடம் மருத்துவத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று தாங்கள் கருணையோடு நோக்க வேண்டும். கம்பிவலை போட்ட கவுன்ட்டர் ஏற்கெனவே இருக்கிறது, டோக்கன் கொடுக்கலாம். வரிசையில் நிற்கப் பழகிய சனம் இருக்கிறது. காட்டுக்குள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அங்கே ரோடு போய்ச் சேர்ந்திருக்கிறது, கரண்ட் போயிருக்கிறது, லாரி போகிறது. பகல் பன்னிரண்டுக்குத் திறந்தால் ராத்திரி பத்து வரை ஆள் இருக்கிறார். சூப்பர்வைசர் லீவு போட்டால் மாற்று ஆள் வருகிறார். “இன்னிக்கு ஸ்டாக் இல்ல, நாளைக்கு வாங்க” என்று யாரையும் திருப்பி அனுப்பியதாக வரலாறு இல்லை. “விற்பனையாளர் மீட்டிங் போயிருக்காருங்க” என்ற பதிலை எந்தக் குடிமகனும் கேட்டதில்லை. எனவே இந்தக் கட்டடங்களோடு அந்த வேலை நேரத்தையும், அந்த ஆள் ஒழுங்கையும் சேர்த்தே சுகாதாரத் துறைக்கு மாற்றிக் கொடுத்தால், எங்கள் ஒன்றியத்துச் சனங்கள் தங்களுக்கு என்றென்றும் கடமைப்பட்டிருப்போம்.’

மனுவில் கணக்கு எழுதவில்லை. கணக்கு எழுதினால் அதிகாரிகளுக்குக் கோபம் வரும். இங்கே எழுதுகிறேன். 2024-25-இல் மது விற்பனையால் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். அதே வருஷ பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 20,198 கோடி. ஈரல் ஒரு கவுன்ட்டரில் போகிறது, அதற்கான மாத்திரை இன்னொரு கவுன்ட்டரில் வருகிறது; இரண்டும் ஒரே முதலாளியின் கடை. முதலாளிக்கு எந்தக் கடையில் அக்கறை என்பதை அறிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, ராத்திரி ஒன்பது மணிக்கு ரோட்டில் நின்று எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்தால் போதும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இந்த மாநிலத்தில் மருந்து வருவதில்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மது விற்க ஒரு கழகத்தை 1983-இல் தொடங்கிய அதே அரசுதான் மருந்து வாங்க இன்னொரு கழகத்தை 1994-இல் தொடங்கியது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கையும் கொள்முதல் முறையையும் பார்த்துப் படித்துக்கொண்டு போன மாநிலங்கள் பல. துணை சுகாதார நிலையங்கள் மட்டும் 8,713. சாராயக்கடையை விட அதிகம். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று சமவெளிக்குக் கணக்கும் இருக்கிறது. கட்டடம் உண்டு. மாத்திரை உண்டு. போர்டு உண்டா என்று கேட்கவே வேண்டாம். நாற்காலியும் உண்டு. நாற்காலியில் உட்கார வேண்டியவர் ‘மாற்றுப்பணி’யில் இருக்கிறார்.

மாற்றுப்பணி என்ற சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலை வைக்க வேண்டும். ஓர் ஆள் இங்கே இருந்துகொண்டே இல்லாமல் இருக்கலாம். சம்பளப் பட்டியலில் ஓர் ஊர், உடம்பு ஓர் ஊர். சித்தர்கள் பழனி மலையில் தவம் கிடந்து பெற்ற சித்தியை நம் நிர்வாகம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு வழங்குகிறது. டாக்டர் மாற்றுப்பணியில் போனால் நர்ஸ் பார்ப்பார். நர்ஸ் கேம்ப் போனால் மருந்தாளுநர். அவருக்கு இரண்டு நிலையம் பொறுப்பு என்றால், வாசல் கூட்டும் அக்கா, “காய்ச்சலா? இந்த மாத்திரையத்தான் குடுப்பாங்க” என்று எடுத்துத் தருவார். பல தடவை சரியாகவே தருகிறார்.

கிராம சுகாதார செவிலியரைச் சொல்லவே வேண்டாம். ஒரு கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் நேரத்தைவிட, அவளுக்கு ஆர்.சி.எச். என்ற கர்ப்பப் பதிவு நம்பர் வாங்க போனைத் தட்டிக்கொண்டிருக்கும் நேரம் அதிகம். அந்த நம்பர் இல்லாவிட்டால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் கிடையாது. எனவே குழந்தை பிறப்பதற்கு முன்னால் நம்பர் பிறந்தாக வேண்டும். அதற்கு டவர் கிடைக்க வேண்டும். எங்கள் ஊர்ச் செவிலியர் சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பொது சுகாதாரம் உயர்ந்துகொண்டு போகிறது என்று சட்டசபையில் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இப்படி ஆளில்லா நாற்காலிகள் இருக்கும் நாட்டில் ஆட்சியாளருக்குத் தோன்றும் வைத்தியம் என்ன? இன்னும் கொஞ்சம் நாற்காலி போடுவது.

2020 டிசம்பர் 14. கொரோனா நடுவே, தேர்தலுக்கு நாலு மாதம் இருக்கையில், எடப்பாடி பழனிசாமி அம்மா மினி கிளினிக் தொடங்கினார். இரண்டாயிரம் கிளினிக். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஓர் உதவியாளர். கேட்கவே இனித்தது. காலியாகக் கிடந்த கட்டடம், சமுதாயக் கூடம், வாடகைக் கட்டடம் என்று எங்கே கதவிருந்ததோ அங்கே பேனர் கட்டினார்கள். ஆட்சி மாறியது. 2022 ஜனவரி முதல் வாரத்தில் அமைச்சர் மா. சுப்பிரமணியன், அது ஒரு வருஷத் தற்காலிகத் திட்டம், முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அதில் ஒப்பந்தத்தில் இருந்த டாக்டர்கள் 1,820 பேர் ஏற்கெனவே கொரோனா வேலைக்குப் போயிருந்தார்கள். தொடங்கியவர்கள் “ஏழை வைத்தியத்தைப் பறித்துவிட்டார்கள்” என்றார்கள். மூடியவர்கள் “அங்கே என்ன இருந்தது பறிக்க?” என்றார்கள். இருவர் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் நின்றது, சர்க்கரை பார்க்கச் சீட்டோடு போன எங்கள் ஊர்ப் பெரியம்மா.

அடுத்து நகர்ப்புற நலவாழ்வு மையம். 708 அறிவித்து, 2023 ஜூன் 6-இல் மு.க. ஸ்டாலின் ஒரே நாளில் 500 திறந்தார். நல்லது, திறக்கட்டும், நகரத்து ஏழைக்கும் காய்ச்சல் வரும். ஆனால் அதற்கு ஐந்தே மாதம் முன்னால், 2022 டிசம்பர் 31 ராத்திரி, கொரோனாவில் உயிரைப் பணயம் வைத்து ஓடிய ஒப்பந்த நர்சுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை நீட்டிப்பு இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்களே, அதை எந்தக் கல்வெட்டில் செதுக்குவது? கைதட்டச் சொன்னபோது கைதட்டினோம், விளக்கேற்றச் சொன்னபோது ஏற்றினோம். புத்தாண்டு பிறக்கும் ராத்திரி அவர்களுக்கு ஒரு கேக் துண்டுகூட மிஞ்சவில்லை. கட்டடம் என்றால் ஒருமுறை திறக்கலாம், ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். நர்சுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். ரிப்பன் வெட்ட எந்தப் பக்கமும் இடமில்லாத செலவு அது.

மருந்துக்கடையின் கதை இன்னும் அழகு. 2014-இல் ஜெயலலிதா காலத்தில் அம்மா மருந்தகம். மத்திய அரசின் பங்குக்கு மக்கள் மருந்தகம். 2025 பிப்ரவரி 24-இல் முதல்வர் மருந்தகம், ஒரே நாளில் ஆயிரம். பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் மாத்திரைக்கு அம்மா யார், முதல்வர் யார், பிரதமர் யார் என்று தெரியாது. ஆனால் சீட்டோடு போகும் பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. எந்த மருந்தகத்துக்குள் நுழைகிறார் என்பதை டீக்கடைப் பெஞ்ச் கவனிக்கிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைத்திருந்தேன். பஞ்சாபில் 2022 ஆகஸ்ட் 15-இல் ஆம் ஆத்மி கிளினிக்குகளைத் திறந்தபோது, முந்தைய ஆட்சி ஒன்று கட்டி, பூட்டிக் கிடந்த சேவை மையக் கட்டடங்கள் பலவற்றைத்தான் வெள்ளையடித்தார்கள். காலிக் கட்டடத்தைப் பயன்படுத்திய புத்திசாலித்தனம், பாராட்டலாம். அடுத்த கட்டமாக, மத்தியத் திட்டப் பணத்தில் நடந்த நலவாழ்வு மையங்களிலும் முதல்வர் படத்தோடு புதுப் போர்டு ஏறியது. டெல்லி உடனே தேசிய சுகாதாரத் திட்டப் பணத்தை நிறுத்தியது. காசநோய்க்காரன் இருமிக்கொண்டிருக்க, போர்டில் யார் முகம் என்று இரண்டு அரசுகள் சண்டை போட்டன. கொஞ்ச நாளில் டெல்லியும் தன் நலவாழ்வு மையங்களுக்கு ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்று நாடு முழுக்கப் புதுப்பெயர் சூட்டியது. மந்திர் என்றால் கோயில். பொருத்தம்தான், கோயிலிலும் நடை சாத்திய பிறகு போனால் யாரும் இருக்க மாட்டார்கள்.

வெளிநாட்டிலும் காலிக் கடையை ஆஸ்பத்திரி ஆக்குகிறார்கள். இங்கிலாந்தில் பூல் என்ற ஊரில் பீல்ஸ் என்ற பழைய ஜவுளிக் கடலே 2020-இல் மூழ்கியது. அதன் மாடியில் அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவைக் கொண்டுவந்து வைத்தது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் நடந்தது அதைவிடப் பழையது. ஆரன் ஷர்லி என்ற கறுப்பினக் குழந்தை மருத்துவர். வெள்ளையர்கள் புறநகருக்குப் போய்விட, செத்துக்கொண்டிருந்த ஒரு ஷாப்பிங் மாலைப் பார்த்து, 1990-களில் அதையே ஏழைகளுக்கான மருத்துவ வளாகமாக்கினார். செருப்பு விற்ற இடத்தில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். நம் அமைச்சர்கள் யாராவது இதைப் பார்த்துவர ஒரு குழுவோடு கிளம்பலாம்; பயணப்படிக்கு நிதி எப்படியும் இருக்கும்.

ஆனால் போகிறவர்கள் கதையின் பின்பாதியையும் கேட்டுவிட்டு வர வேண்டும். மால் நிறைய டாக்டர்களை வைத்த பிறகும், மிசிசிப்பியின் கிராமத்துச் சனம் சர்க்கரை முற்றி, பிரஷர் முற்றிச் செத்துக்கொண்டிருந்தது. ஷர்லி எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 2009-இல், ஈரானுக்குப் போனார். அமெரிக்கா பகையாளி என்று சொல்லும் அதே ஈரானுக்கு. அங்கே கிராமத்துக்குக் கிராமம் ‘சுகாதார வீடு’ என்று ஒன்று உண்டு. அதில் பெஹ்வர்ஸ் என்ற ஊழியர். அந்த ஊரிலேயே பிறந்தவர், இரண்டு வருஷம் பயிற்சி பெற்றவர், எந்த வீட்டில் யார் மாத்திரையை நிறுத்தினார் என்று அறிந்தவர். அவ்வளவு பெரிய மாலைக் கையில் வைத்திருந்த மனிதர், ஓர் அறைக்குள் இருக்கும் ஓர் ஆளைப் பார்க்க உலகத்தின் அந்தக் கோடிக்குப் போனார்.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரிலேயே அந்த ஆள் இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வப் பெண். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், 2024-இல் ஐ.நா. விருதுகூட வாங்கியது. பிரஷர் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் தோட்டம் தோட்டமாக நடந்து, “ஏனுங்க்கா, போன மாசத்து மாத்திரைல மிச்சம் இருக்குதே, எதுக்கு நிறுத்துனீங்க?” என்று திட்டுகிற ஒரே அரசாங்கம் அவர்தான். விருது சென்னைக்குப் போனது. அவருக்குச் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகை. பேரே ‘தன்னார்வலர்’. தன் ஆர்வத்தில் செய்கிறாராம். அமைச்சர்களும் செயலாளர்களும் யார் ஆர்வத்தில் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்கும் அப்படியே ஏற்பாடு செய்துவிடலாம்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கதையைச் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

மக்காச்சோளக் காடு ஆள் உயரம் நின்ற சமயம். ராத்திரி தண்ணீர் கட்டப் போனவர், மடை திருப்பக் குனிந்த இடத்தில் கண்ணாடி விரியன். மணி ஒன்பது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். வேறொரு கேஸில் இருக்கிறது, நேரமாகும் என்றார்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். முதலில் போன இடத்தில் லைட் எரிந்தது. கதவும் திறந்தே இருந்தது. இருந்த பெண்ணுக்கு அன்றைக்கு மூன்று ஷிப்ட் சேர்ந்து வேலை; கை நடுங்க, “டாக்டர் இல்லீங்கண்ணா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க” என்றார். விஷமுறிவு மருந்து ஃபிரிட்ஜில் இருந்ததா என்றால், இருந்தது. மருந்து இருக்கிறது என்று அரசு சொல்வது பொய்யே இல்லை. அதை ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் போட்டு ஆளைக் காப்பாற்றப் பக்கத்தில் ஒரு டாக்டர் வேண்டும், அவ்வளவுதான் குறை.

விரியன் கடித்தால் ரத்தம் உறைகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஸ்கேன் வேண்டாம், கோடி ரூபாய் மெஷின் வேண்டாம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, இருபது நிமிஷம் ஆட்டாமல் வைத்துவிட்டு, சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. ஒரு கண்ணாடிக் குழாய், இருபது நிமிஷம் கூடவே இருக்கும் ஒரு மனிதர். இந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவில் ஒரு திறப்பு விழா மாலைகூட வாங்க முடியாது.

ரோட்டில் அடுத்த வெளிச்சம் சாராயக்கடை. மணி பத்தாகவில்லையே, கூட்டம். அங்கே நின்ற ஒரு தம்பி, பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் காரைத் திருப்பினான். “ஏறுங்கண்ணா” என்றான். அண்ணன் பிழைத்தார். சிறுநீரகம் படுத்துவிட, சில வாரம் டயாலிசிஸ் ஆனது. அந்த வருஷச் சோளம், இரண்டு மாடு, வீட்டுக்காரியின் தோடு எல்லாம் போயின. அன்றைக்கு ராத்திரி எங்களுக்கு உதவிக்கு ஆள் கிடைத்த ஒரே அரசு நிறுவனம் எது என்று யோசித்துப் பாருங்கள். மனுவில் நான் எழுதியது கிண்டல் என்று நினைத்தவர்கள் இன்னொரு தடவை படிக்கலாம்.

எங்கள் மண் உலகத்துக்கே மருந்து விளைவிக்கிற மண். கள்ளிமந்தையம், ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக் கிழங்குக் காடுகளைப் பார்த்திருப்பீர்கள். கம்பிப் பந்தலில் கொடி ஏறி, செங்காந்தள் தீப்பிடித்த மாதிரி பூத்திருக்கும். அதன் விதையிலிருந்து கோல்சிசின் எடுக்கிறார்கள், கீல்வாதத்துக்கு மருந்து. விதை கப்பலேறிப் போகிறது. பூவில் தானாகக் காய் பிடிப்பது குறைவு என்பதால், விடியற்காலையில் பெண்கள் பூப்பூவாகக் குனிந்து மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்கள். ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை நிமிர முடியாது. எங்கோ ஒரு சீமைத்துரைக்குக் கால் பெருவிரல் வீங்கினால், அதைத் தணிக்க இங்கே எங்கள் பெரியம்மாவின் இடுப்பு போகிறது. அவளுடைய முட்டிவலிக்கு வைத்தியம் பஸ் ஸ்டாப்பில் கிடைத்த எட்டு மாதக் கிளினிக்கின் ஊசிதான். அந்த ஊசியில் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முகம் மட்டும் உப்பிவிட்டது. “கொஞ்சம் சதை புடிச்சிருக்குதில்ல?” என்று சந்தோஷப்பட்டாள்.

தைப்பூசத்துக்கு மட்டும் எங்களுக்கு யோகம். காவடி தூக்கிக்கொண்டு தாராபுரம் ரோட்டில் சனம் வரிசையாக நடந்து போகும்போது, வழிநெடுக மருத்துவ முகாம். டாக்டர், நர்ஸ், களிம்பு, குளுக்கோஸ். துணிப்பந்தல்தான், சுவர்கூடக் கிடையாது. ஆனால் ஆள் இருக்கிறார்கள், ராத்திரி இரண்டு மணிக்கும் இருக்கிறார்கள். கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டு, “முருகன் பாத்துக்குவான், போயிட்டு வாங்க” என்று அனுப்புகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அந்த நாட்களுக்குக் காத்திருந்து, பக்தர்கள் மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்பார்கள். ஒரு கிழவர் மூன்று மாதமாக ஆறாத புண்ணைக் காட்டி, “நடந்ததுல வந்ததுங்க” என்று புளுகினார். எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டதும், சட்டென்று வாயில் வந்தது அவருக்குச் சொந்த ஊர்ப் பெயர். எதிர்ப்புறம் கை காட்டினால் தெரியும் தூரம். நர்ஸ் சிரித்துக்கொண்டே கட்டுப் போட்டார்.

போன வாரம் கடைக்கார மாமா டீக்கடைக்கு வந்தார். “தம்பி, பேப்பர்ல எல்லாம் எழுதறயே, டாக்டர் யாராச்சும் தெரிஞ்சா சொல்லு. அட்வான்ஸ் கொறைச்சுக்கலாம். பிளைவுட் அப்படியே இருக்குது” என்றார். அரசாங்கத்துக்குக் கொடுக்கலாமே என்றேன். “குடுத்தா போர்டு மாட்டுவாங்க, வாடகை யார் குடுப்பா?” என்றார். அவருக்கு நான் சொல்ல எதுவுமில்லை. பிரியாணிக் கடைக்கு ஒருவர் கேட்டிருக்கிறாராம். அநேகமாக அதுதான் அமையும்.

திரும்பி வரும் வழியில் பெரியம்மா வாசலில் கண்வலிக் காய் காயப் போட்டிருந்தாள். தரையில் விரித்திருந்தது ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனர். எந்த ஆட்சியின் திட்டம், யார் முகம் என்று சொல்ல மாட்டேன். முகம் இருந்த இடத்தில் காய் குவிந்திருந்தது, ஒரு காது மட்டும் தெரிந்தது. கீழ் ஓரத்தில் ‘ரத்தக்கொதிப்பு, சர்க்கரை இங்கே இலவசமாக’ என்பது வரை படிக்க முடிந்தது. “நல்ல கனமான சீட்டுடா சாமி, சூடு நல்லா புடிக்குது” என்றாள். வெடித்த காய்களிலிருந்து சிவப்பு விதைகளை உதிர்த்து முறத்தில் போட்டுக்கொண்டே, “இன்னொண்ணு கெடைச்சா எடுத்துட்டு வா, ஆட்டுப்பட்டிக்கு ஆகும்” என்று சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.